டெவ்ஆப்ஸ் டூல்ஸ் அப்டேட் எல்லாத்தையும் உங்க டீம்ல யாரு, எப்படி ஃபாலோ பண்றீங்க?

யாம்ல்பையன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க டீம் சின்னது, எட்டு பேரு, டெவ்ஆப்ஸ்னு (கோடை பில்டு பண்ணி சர்வர்ல ஏத்திப் பாத்துக்கிற வேலை) தனியா ஆளு கிடையாது. நான் பேக்எண்ட் தான் பாக்குறேன், ஆனா பைப்லைன் (கோடைத் தானாவே பில்டு பண்ணி, டெஸ்ட் ஓட்டி ஏத்துற வரிசை) யாம்ல் ஃபைல்ல அதிகமா கை வச்சது நான்ங்கிறதால போன வாரம் லீட் கூப்பிட்டு "இனிமே டூல்ஸ் பக்கம் என்ன மாறுதுன்னு நீயே பாத்து டீமுக்கு சொல்லிடுப்பா"ன்னு ஒப்படைச்சுட்டாரு. எனக்கும் இந்த வேலை புடிச்சிருக்கு, ஒழுங்கா பண்ணணும்னு நெனைக்கிறேன்.

எங்ககிட்ட இருக்கிறது: கோடு கிட்ஹப்ல, பில்டு கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்ல, ஒரே ஒரு பழைய ப்ராஜெக்ட் மட்டும் அஸூர் டெவ்ஆப்ஸ்ல ஓடுது, டெப்ளாய் ஆகுறது ஏடபிள்யூஎஸ்ல ஈகேஎஸ் கிளஸ்டருக்கு (அவங்க நடத்துற குபெர்நெட்டீஸ், கன்டெய்னர்களை ஓட்டுற சிஸ்டம்), இன்ஃப்ரா எல்லாம் டெராஃபார்ம் (சர்வர், நெட்வொர்க்கைக் கோடா எழுதி உருவாக்குற டூல்), ரெடிஸ் டேட்டாபேஸ் மாதிரி சில ஐட்டம் ஹெல்ம் சார்ட் (குபெர்நெட்டீஸ்ல ஒரு சாஃப்ட்வேரை நிறுவுற ரெடிமேட் பேக்கேஜ்) வழியா.

முதல் வேலையா இது எல்லாத்தோட சேஞ்ச்லாகையும் (என்ன மாறுச்சுன்னு போடுற அறிவிப்பு) சப்ஸ்கிரைப் பண்ணிட்டேன், இப்போ காலைல மெயில் திறந்தாலே தலை சுத்துது. புது ஏஐ ஃபீச்சர், புது ரீஜன், புது டேஷ்போர்டுன்னு வரிசையா வருது, அதுக்கு நடுவுல எங்கயோ ஒரு மூலைல "இந்த தேதிக்கு அப்புறம் இது வேலை செய்யாது"ன்னு ஒரு வரி இருக்கு, அது தான் எங்களுக்கு முக்கியம், ஆனா அதை எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு தெரியல. எல்லாத்தையும் படிக்கிறதுக்கு நேரமும் இல்ல, படிக்காம விட பயமாவும் இருக்கு. உங்க டீம்ல இதை யாரு பாக்குறாங்க, எதைப் படிக்கிறீங்க, எதை விட்டுடுறீங்க? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

எஸ்ஆர்இ_மீனாட்சி பதில்:

தம்பி, நீங்க நியூஸ்ல இருந்து ஆரம்பிச்சிருக்கீங்க, அதான் தலை சுத்துது. உங்க கோடுல இருந்து ஆரம்பிங்க. நம்மகிட்ட என்ன இருக்குன்னு ஒரு லிஸ்ட் இல்லாம எந்த அப்டேட்டைப் படிச்சாலும் அது நம்மளுக்கா இல்லையான்னு சொல்லவே முடியாது, லிஸ்ட் கைல இருந்தா ஒரு அறிவிப்பைப் பாத்த அஞ்சாவது செகண்ட்ல தள்ளிட்டுப் போயிடலாம்.

லிஸ்ட் எடுக்கிறது ரொம்ப சுலபம். எல்லா ரெப்போலயும் ஒர்க்ஃப்ளோ ஃபோல்டருக்குள்ள "யூஸஸ்"னு ஆரம்பிக்கிற வரியையும் (வெளிய இருந்து எடுக்கிற ரெடிமேட் ஸ்டெப், அதாவது ஆக்‌ஷன்) "ரன்ஸ்-ஆன்" வரியையும் கிரெப் பண்ணுங்க (தேடி எடுங்க), டாக்கர்ஃபைல்ல "ஃப்ரம்" வரி, ஹெல்ம் வேல்யூஸ்ல இமேஜ் பேரு, டெராஃபார்ம்ல ப்ரொவைடர் வெர்ஷன். இதை ஒரு ஷீட்ல போட்டா ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ரெண்டு காலம் போதும்: எந்த வெர்ஷன்ல இருக்கோம், அதுக்கு சப்போர்ட் எப்ப முடியுது. எண்ட்ஆஃப்லைஃப் டாட் டேட்னு ஒரு சைட் இருக்கு, பெரும்பாலான சாஃப்ட்வேருக்கு அந்த ரெண்டாவது காலம் அங்கயே கிடைக்கும், காலண்டர்லயும் சேத்துக்கலாம்.

"ரன்ஸ்-ஆன்" வரி தான் பில்டு ஓடுற மெஷினை, அதாவது ரன்னரை, சொல்றது. அதை ஏன் பாக்கச் சொல்றேன்னா, பாதி ரெப்போல "உபுண்டு-லேட்டஸ்ட்"னு எழுதி வச்சிருப்பாங்க. 2024 டிசம்பர்ல இருந்து 2025 ஜனவரி நடுவுக்குள்ள அந்த பேரு குறிக்கிற உபுண்டு வெர்ஷன் 22.04ல இருந்து 24.04க்கு படிப்படியா மாறுச்சு. 24.04 இமேஜ்ல (ரன்னர்ல முன்னாடியே நிறுவி வச்ச சாஃப்ட்வேர் தொகுப்பு) டெராஃபார்ம் முன்னாடியே போட்டு வச்சிருக்க மாட்டாங்க, அதனால ரன்னர்லயே இருக்கும்னு நம்பி டெராஃபார்ம் கமாண்டை நேரா கூப்பிட்ட பைப்லைன் எல்லாம் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்"னு நின்னுச்சு. யாம்ல்ல ஒரு எழுத்து கூட மாறல, நேத்து ஓடுனது இன்னிக்கு ஓடல. உபுண்டு-24.04ன்னு நம்பரைப் போட்டுட்டா மாறுற நாளை நீங்க முடிவு பண்ணலாம். ஆனா நம்பர் போட்டுட்டு மறந்துடக் கூடாது, 20.04ன்னு போட்டு வச்சவங்களுக்கு 2025 ஏப்ரல் 15ஓட அந்த ரன்னரே போச்சு.

இன்னொரு விஷயம், இது பல பேருக்குத் தெரியாது: கிட்ஹப் ரன்னருக்கும் அஸூர் பைப்லைன்ஸோட மைக்ரோசாஃப்ட் ரன்னருக்கும் இமேஜ் ஒரே இடத்துல இருந்து தான் வருது, ஆக்‌ஷன்ஸ் கீழ ரன்னர்-இமேஜஸ்னு ஒரு பப்ளிக் ரெப்போ. அதுல இஷ்யூஸ் பக்கம் போய் அனௌன்ஸ்மென்ட் லேபிளை மட்டும் ஃபில்டர் பண்ணிப் பாருங்க, உங்க ரெண்டு பக்கத்துக்கும் சேத்து ஒரே இடம்.

---

ராத்திரிஷிஃப்ட் பதில்:

மீனாட்சி அக்கா சொன்னதோட சேத்து ஒண்ணு. "டெப்ரிகேட்டட்"னு (இனி கைவிடப் போறாங்கன்னு அர்த்தம்) வந்தா வெர்ஷன் நம்பரை மாத்திட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, மைக்ரேஷன் பக்கத்தை முழுசா படிங்க. பில்டுல வர்ற ஃபைலை (ஆர்ட்டிஃபேக்ட்) ஏத்தி வைக்கிற அப்லோட்-ஆர்ட்டிஃபேக்ட் ஆக்‌ஷனையே எடுத்துக்கோங்க, அதோட வி3 2025 ஜனவரி 30ஓட நிறுத்தப்பட்டுச்சு, நிறைய பேரு 3ஐ 4ஆ மாத்தி மெர்ஜ் பண்ணிட்டுப் போனாங்க. ஆனா வி4ல ஒரு ஆர்ட்டிஃபேக்ட் ஒரு தடவ ஏறிடுச்சுன்னா அதே பேருல இன்னொரு ஜாப் எழுத முடியாது. மேட்ரிக்ஸ் போட்டு லினக்ஸ், விண்டோஸ், மேக்னு மூணு ஜாப் ஓடி மூணும் "டெஸ்ட்-ரிசல்ட்ஸ்"ங்கிற ஒரே பேருல கொட்டிட்டு இருந்தா, வி3ல எல்லாம் ஒண்ணா சேந்துடும், வி4ல முதல்ல முடிச்சது மட்டும் ஏறும், மத்த ரெண்டும் பேரு ஏற்கனவே இருக்குன்னு எரர் அடிக்கும். பேரோட கடைசில ஓஎஸ் பேரை ஒட்டி, டவுன்லோட் பண்ற ஜாப்ல பேட்டர்ன் கொடுத்து மெர்ஜ்-மல்டிபிள் ஆன் பண்ணணும். சேஞ்ச்லாக்ல இது ஒரு வரி தான், அந்த ஒரு வரிக்குள்ள ஒரு நாள் வேலை இருக்கு.

அப்புறம் பிரவுன்அவுட்னு ஒரு வார்த்தை கண்ணுல பட்டா உடனே நிறுத்திப் படிங்க. ஒரு சேவையை முழுசா எடுக்கிறதுக்கு முன்னாடி, அதை இன்னும் விடாம இருக்கிறவங்களுக்குத் தெரியட்டும்னு குறிப்பிட்ட நாள்ல குறிப்பிட்ட மணி நேரம் மட்டும் வேணும்னே ஃபெயில் ஆக வைப்பாங்க. உபுண்டு 20.04 ரன்னருக்கு அப்படித் தான் பண்ணாங்க. அந்த டைம் டேபிள் தெரியாம இருந்தா பில்டு திடீர்னு ஃபெயில் ஆகும், ரீ-ரன் கொடுத்தா பாஸ் ஆகும், "ஃப்ளேக்கி"ன்னு விட்டுடுவோம், கடைசி நாள் வந்து நிக்கும்.

---

சாவிக்கொத்து பதில்:

ரெண்டு பேரும் நல்லா சொன்னீங்க, ஆனா செக்யூரிட்டி நியூஸை இதே ஷீட்ல, இதே வேகத்துல வச்சுப் பாக்கக் கூடாதுன்னு நான் அழுத்தமா சொல்லுவேன். டெப்ரிகேஷனுக்கு மாசக் கணக்குல டைம் இருக்கும், இதுக்கு மணிக் கணக்கு தான்.

2025 மார்ச் நடுவுல நடந்ததைப் புதுசா வந்தவங்க கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். டிஜே-ஆக்‌ஷன்ஸோட சேஞ்ச்டு-ஃபைல்ஸ்னு ஒரு ஆக்‌ஷன், புல் ரிக்வெஸ்ட்ல எந்த ஃபைல் மாறிச்சுன்னு சொல்றது, 23,000க்கு மேல ரெப்போ அதை யூஸ் பண்ணிட்டு இருந்துச்சு. யாரோ உள்ள பூந்து அதோட பழைய வெர்ஷன் டேக் (ஒரு கமிட்டைக் காட்டுற பேரு) எல்லாத்தையும் ஒரே ஒரு கெட்ட கமிட்டுக்குத் திருப்பி விட்டாங்க. அந்த கமிட் ரன்னரோட மெமரியைத் துழாவி சீக்ரெட்ஸை (பாஸ்வேர்டு, சாவி மாதிரி) எடுத்து பில்டு லாக்லயே அச்சடிச்சுது, பேஸ்64ல ரெண்டு தடவ சுத்தி, பாத்தா ஏதோ குப்பை எழுத்து மாதிரி. பப்ளிக் ரெப்போவோட லாகை ஊர்ல யாரு வேணா பாக்கலாம். ஸ்டெப்செக்யூரிட்டி கம்பெனி தான் முதல்ல கண்டுபிடிச்சு சொன்னாங்க, சிவிஇ-2025-30066ன்னு பாதுகாப்பு ஓட்டை நம்பர் போட்டாங்க, அமெரிக்க அரசோட சிசா அமைப்பும் எச்சரிக்கை விட்டுச்சு. தோண்டிப் பாத்தா இதுக்கு முன்னாடியே ரிவ்யூடாக்கோட ஒரு ஆக்‌ஷன்ல கை வச்சிருக்காங்க.

இதுல யாரு தப்பிச்சாங்கன்னு பாருங்க. "வி45"ன்னு டேக் போட்டவங்க மாட்டுனாங்க, பழைய கமிட்டோட முழு ஹேஷைப் (அந்த கமிட்டோட மாறாத அடையாள நம்பர்) போட்டு வச்சிருந்தவங்க பெரும்பாலும் தப்பிச்சாங்க. டேகை நகத்தலாம், ஹேஷை நகத்த முடியாது. 2025 ஆகஸ்ட்ல கிட்ஹப்பே ஒரு வசதி கொடுத்துட்டாங்க, ஆர்கனைசேஷன் பாலிசில போய் ஹேஷ் போடாத ஆக்‌ஷன் ஓடவே கூடாதுன்னு செட் பண்ணலாம், குறிப்பிட்ட ஆக்‌ஷனை ப்ளாக்கும் பண்ணலாம். இதெல்லாம் தான் தம்பி, நீங்க தேடுற மாதிரி அப்டேட், ஏஐ டேஷ்போர்டு அப்புறம் பாத்துக்கலாம்.

அதனால நான் சொல்றது: செக்யூரிட்டி அட்வைசரியை மெயிலுக்கு விடாதீங்க, தனியா ஒரு ஸ்லாக் சேனல், அதுல வேற எதுவும் வரக் கூடாது. அதே மாதிரி சீக்ரெட் லீக் ஆச்சுன்னா எந்த சாவியை யாரு எங்க மாத்தணும்னு இப்பவே எழுதி வைங்க. இன்னும் நல்லது, ஏடபிள்யூஎஸ் சாவியை கிட்ஹப்ல வைக்கவே வைக்காதீங்க, ஓஐடிசி வழியா ஒவ்வொரு ஜாபுக்கும் கொஞ்ச நேரம் மட்டும் செல்லுற டோக்கன் வாங்கிக்கலாம், திருடினாலும் சீக்கிரம் காலாவதி ஆகிடும்.

---

டிபெண்ட்_தேவா பதில்:

@சாவிக்கொத்து ஹேஷ் போடுறது சரி, நான் ஒத்துக்குறேன், ஆனா அதை மட்டும் சொல்லிட்டு விட்டா ஆபத்து. ஹேஷ் போட்ட டீம்ல பாதி பேரு அப்புறம் அந்தப் பக்கமே திரும்ப மாட்டாங்க, நாப்பது எழுத்து நம்பரைப் பாத்து இது எந்த வெர்ஷன்னு யாருக்கும் தெரியாது, செக்யூரிட்டி ஃபிக்ஸ் வந்தாலும் பழசுலயே கெடக்கும்.

டிபெண்டபாட்டை (புது வெர்ஷன் வந்தா தானா புல் ரிக்வெஸ்ட் போடுற கிட்ஹப் வசதி) ஆன் பண்ணுங்க, கிட்ஹப்-ஆக்‌ஷன்ஸையும் அதுல ஒரு எகோசிஸ்டமா சேருங்க. ஹேஷுக்குப் பக்கத்துல கமெண்ட்ல வெர்ஷன் எழுதி வச்சிருந்தா அது ரெண்டையும் சேத்து அப்டேட் பண்ணி புல் ரிக்வெஸ்ட் போடும். அதுல கூல்டவுன்னு ஒரு செட்டிங் இருக்கு, ரெனவேட்ங்கிற இன்னொரு டூல்லயும் இதே மாதிரி உண்டு, ஒரு வெர்ஷன் வெளிய வந்து இத்தனை நாள் ஆன பிறகு தான் எனக்குச் சொல்லுன்னு வைக்கலாம். ஒரு வாரம் வச்சா போதும்னு நெனைக்கிறேன், கெட்ட ரிலீஸ் பெரும்பாலும் அதுக்குள்ள மாட்டிக்கும். செக்யூரிட்டி ஃபிக்ஸுக்கு அந்த கூல்டவுன் பொருந்தாது, ஆனா ஹேஷ் போட்ட ஆக்‌ஷனுக்கு டிபெண்டபாட் செக்யூரிட்டி அலர்ட் கொடுக்காது, அதனால அதுக்கு சாவிக்கொத்து சொன்ன சேனலைத் தான் பாக்கணும்.

இதுல இன்னொரு லாபம். அப்டேட் புல் ரிக்வெஸ்டா வந்தா அதுக்குள்ளயே ரிலீஸ் நோட்ஸ் இருக்கும், உங்க டெஸ்டும் ஓடிடும். பாதி நியூஸை நீங்க தேடிப் போகவே வேணாம்.

---

பாட்_காவலன் பதில்:

குபெர்நெட்டீஸ் பக்கம் யாரும் பேசலையே, இவரு ஈகேஎஸ்ல இருக்காரு, அங்க தான் பெரிய மேட்டர் இருக்கு.

முதல் விஷயம் இன்க்ரஸ் என்ஜின்எக்ஸ், வெளிய இருந்து வர்ற டிராஃபிக்கை கிளஸ்டருக்குள்ள சரியான சர்வீஸுக்கு அனுப்புற கன்ட்ரோலர். 2025 நவம்பர்ல குபெர்நெட்டீஸ் ஆளுங்களே அறிவிச்சாங்க, 2026 மார்ச் வரைக்கும் தான் முடிஞ்ச அளவு பராமரிப்பு, அதுக்கு அப்புறம் ரிலீஸ் இல்ல, பக் ஃபிக்ஸ் இல்ல, செக்யூரிட்டி ஃபிக்ஸும் இல்ல. ஓடிட்டு இருக்கிறது நிக்காது, அதான் இதுல பயமே, எதுவும் உடையாததால யாரும் அசைய மாட்டாங்க. உலகத்துல எத்தனையோ கிளஸ்டரோட வாசல்ல நிக்கிற சாஃப்ட்வேரை வருஷக் கணக்கா ஒண்ணு ரெண்டு பேரு தான் ஆபீஸ் நேரம் போக, லீவு நாள்லனு உக்காந்து பாத்துட்டு வந்திருக்காங்க, அவங்களுக்கு நாம எல்லாரும் கடன்பட்டிருக்கோம். 2025 மார்ச்ல இதே கன்ட்ரோலர்ல தான் சிவிஇ-2025-1974 வந்துச்சு, பத்துக்கு 9.8 ஸ்கோர், கிளஸ்டர் நெட்வொர்க்குக்குள்ள இருக்கிற எவனும் லாகின் இல்லாமயே கன்ட்ரோலருக்குள்ள கோடு ஓட்டலாம்ங்கிற மாதிரி. அப்படி இன்னொண்ணு மார்ச்சுக்கு அப்புறம் வந்தா ஃபிக்ஸ் போட ஆளில்ல.

ஒரு குழப்பம் வரும், எஃப்5 கம்பெனியோட என்ஜின்எக்ஸ் இன்க்ரஸ் கன்ட்ரோலர் வேற, அது ரிட்டயர் ஆகல. உங்ககிட்ட எது இருக்குன்னு பாட் (கிளஸ்டர்ல ஓடுற கன்டெய்னர் தொகுதி) லேபிளைப் பாத்து உறுதி பண்ணிக்கோங்க.

ரெண்டாவது காசு. ஈகேஎஸ்ல ஒரு குபெர்நெட்டீஸ் வெர்ஷனுக்கு ஸ்டாண்டர்டு சப்போர்ட் 14 மாசம், அப்ப கிளஸ்டருக்கு மணிக்கு 0.10 டாலர். அதைத் தாண்டிட்டா தானாவே எக்ஸ்டெண்டட் சப்போர்ட்டுக்குப் போயிடும், இன்னும் 12 மாசம், ஆனா மணிக்கு 0.60 டாலர். ஒரு கிளஸ்டருக்கு மாசம் 73 டாலர் சுமாருக்குக் கட்டிட்டு இருந்தது 438 ஆகும், டெவ், ஸ்டேஜிங், ப்ராட்னு மூணு இருந்தா நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. டிஃபால்ட்டே எக்ஸ்டெண்டட் தான். அப்கிரேட் பாலிசியை ஸ்டாண்டர்டுனு மாத்தி வச்சா காலம் முடிஞ்சதும் அவங்களே அடுத்த வெர்ஷனுக்குத் தள்ளிடுவாங்க, டெவ் கிளஸ்டருக்கு அது நல்லது, ப்ராடுக்கு நீங்களா முன்கூட்டியே பண்றது தான் சரி.

மூணாவது, ரெடிஸ் ஹெல்ம் சார்ட்னு சொன்னீங்களே, அது பிட்நாமி (ரெடிமேட் கன்டெய்னர் இமேஜ் கொடுக்கிறவங்க) இமேஜான்னு இன்னிக்கே பாருங்க. அதோட ஓனர் பிராட்காம் 2025 ஆகஸ்ட், செப்டம்பர்ல அந்த இலவச கேட்டலாகைச் சுருக்கிட்டாங்க, பழைய வெர்ஷன் இமேஜ் எல்லாம் பிட்நாமிலெகசிங்கிற இடத்துக்குப் போயிடுச்சு, அங்க இனிமே அப்டேட் கிடையாது. இதுவும் உடனே தெரியாது. ஓடுற பாட் ஓடிட்டே இருக்கும், ஏன்னா இமேஜ் அந்த நோட்லயே (கிளஸ்டர்ல ஒரு மெஷின்) இறங்கி இருக்கு. என்னிக்கோ ஆட்டோஸ்கேலர் பழைய நோடைத் தூக்கிட்டு புது நோட் கொண்டு வரும், பாட் அங்க போய் இமேஜை இழுக்கப் பாக்கும், "இமேஜ்புல்பேக்ஆஃப்"னு தொங்கும். வேணுங்கிற இமேஜை உங்க ஈசிஆர்ல (ஏடபிள்யூஎஸ்ல இமேஜ் வைக்கிற இடம்) காப்பி பண்ணி வைக்கிறது தற்காலிகமா கை கொடுக்கும், ஆனா ரெடிஸோட அபிஷியல் இமேஜுக்கு மாறுறது தான் நிரந்தரம்.

---

யாம்ல்பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொருத்தரும் இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. கிரெப் ஓட்டிட்டேன் அக்கா, உபுண்டு-லேட்டஸ்ட் நிறைய இடத்துல இருக்கு, ரெடிஸ் பிட்நாமி தான், இன்க்ரஸும் அந்த ரிட்டயர் ஆகுற என்ஜின்எக்ஸ் தான். மூணுக்கும் டிக்கெட் போட்டுட்டேன்.

ஒரு சந்தேகம். விலை மாறுது, லைசென்ஸ் மாறுது, சேவையே மூடுறாங்கன்னு வர்ற நியூஸை என்ன பண்றது? அதுக்கு லீட் உடனே "நாம மாறணுமா"ன்னு கேப்பாரு, எனக்கு பதில் சொல்லத் தெரியாது.

---

எஸ்ஆர்இ_மீனாட்சி பதில்:

அந்த மாதிரி நியூஸை மட்டும் ஆற வைங்க தம்பி. செக்யூரிட்டிக்கு ஓடணும், டெப்ரிகேஷனுக்கு தேதி போட்டு ஸ்பிரிண்ட்ல சேக்கணும், இதுக்குக் கணக்குப் போட்டு வச்சுட்டு காத்திருக்கணும், ஏன்னா கம்பெனிங்க மனசு மாறும்.

கோடு வைக்கிற சேவையான ஏடபிள்யூஎஸ் கோட்கமிட்டைப் பாருங்க. 2024 ஜூலைல புது கஸ்டமருக்குக் கதவைச் சாத்தினாங்க, நிறைய டீம் அவசர அவசரமா வேற இடத்துக்குக் கோடை மாத்துச்சு, 2025 நவம்பர்ல திரும்ப எல்லாருக்கும் திறந்துட்டோம்னு அறிவிச்சாங்க. அதே மாதிரி 2025 டிசம்பர்ல கிட்ஹப், நம்ம சொந்த மெஷின்ல ஓட்டுற ரன்னருக்கும் நிமிஷத்துக்கு 0.002 டாலர் வாங்குவோம்னு சொன்னாங்க, டெவலப்பருங்க கொதிச்சுட்டாங்க, ஒரு ரெண்டு நாள்லயே ஒத்தி வச்சாங்க. அவங்க ரன்னருக்கு விலை குறைப்பு மட்டும் ஜனவரில வந்துச்சு.

டெராஃபார்ம் மட்டும் வேற கதை, அது உண்மையாவே மாறிடுச்சு. 2023 ஆகஸ்ட்ல அதோட கம்பெனி ஹாஷிகார்ப் ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸை விட்டுட்டு பிஎஸ்எல்ங்கிற கட்டுப்பாடுள்ள லைசென்ஸுக்கு மாறுனாங்க, அடுத்த மாசமே லினக்ஸ் ஃபவுண்டேஷன் கீழ அதுல இருந்து பிரிஞ்ச ஓப்பன் சோர்ஸ் டூல் ஓப்பன்டோஃபு வந்துடுச்சு, 2025 பிப்ரவரில ஐபிஎம் ஹாஷிகார்ப்பை வாங்கி முடிச்சுட்டாங்க. ஆனா அந்த லைசென்ஸ் தடுக்கிறது ஹாஷிகார்ப்போட போட்டி ப்ராடக்ட் விக்கிறவங்களை, உங்க சொந்த இன்ஃப்ராவை டெராஃபார்ம்ல நிறுவுற உங்களுக்கு இன்னிக்கு எதுவும் மாறல. லீட் கேட்டா இதைச் சொல்லுங்க, புது ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும்போது ஓப்பன்டோஃபுவையும் ஒரு தடவ ஓட்டிப் பாக்கலாம்னும் சொல்லுங்க.

அப்புறம் ஏடபிள்யூஎஸ் அக்கவுண்ட்ல ஆல்டர்நேட் கான்டாக்ட்னு இருக்கும், அதுல ஆபரேஷன்ஸ், செக்யூரிட்டி ரெண்டுக்கும் டீம் மெயில் ஐடி போட்டுருக்கான்னு பாருங்க. ஈகேஎஸ், ஆர்டிஎஸ், லாம்டா வெர்ஷன் முடியப் போகுதுன்னு ஹெல்த் டேஷ்போர்டுல இருந்து வர்ற கடுதாசி எல்லாம் பல கம்பெனில ரூட் அக்கவுண்ட் ஆரம்பிச்ச ஆளோட மெயிலுக்கே போயிட்டு இருக்கும், அவரு வேலையை விட்டே போயிருப்பாரு.

கிட்ஹப் சேஞ்ச்லாகுக்கு மெயிலை நிறுத்திடுங்க, அதுல ரிட்டயர்டுன்னு தனியா ஒரு வகை இருக்கு, அதை மட்டும் ஃபில்டர் பண்ணி வாரம் ஒரு தடவ பாத்தா போதும். அஸூர் டெவ்ஆப்ஸ் மூணு வார ஸ்பிரிண்டுக்கு ஒரு தடவ ரிலீஸ் நோட்ஸ் போடுவாங்க, உங்களுக்கு ஒரே ப்ராஜெக்ட் தானே, தலைப்பை ஓட்டினாலே தெரிஞ்சுடும்.

---

யாம்ல்பையன்:

ஆல்டர்நேட் கான்டாக்ட் காலியா தான் இருந்துச்சு அக்கா, லீட்கிட்ட சொல்லி இப்ப தான் போட்டோம்.

@பாட்_காவலன் அண்ணா, இன்க்ரஸ்ல இருந்து எதுக்கு மாறுறது? எங்க யாம்ல்ல நிறைய அனோட்டேஷன் (கன்ட்ரோலருக்கான கூடுதல் செட்டிங் வரி) இருக்கு, ரீரைட், டைம்அவுட், பாடி சைஸ், ஒரு இடத்துல கான்ஃபிகரேஷன்-ஸ்னிப்பெட்டும் இருக்கு.

---

பாட்_காவலன் பதில்:

கேட்வே ஏபிஐக்குப் (இன்க்ரஸுக்கு அடுத்து வந்த வழி) போகச் சொல்றாங்க குபெர்நெட்டீஸ் ஆளுங்க, நானும் அதைத் தான் சொல்லுவேன், ஆனா கேட்வே ஏபிஐங்கிறது ஒரு வரைமுறை தான், அதை ஓட்டுற கன்ட்ரோலரை நீங்க தேர்ந்தெடுக்கணும். ஏடபிள்யூஎஸ்லயே இருக்கிறதால அவங்க லோட் பேலன்சர் கன்ட்ரோலரையும் ஒரு பக்கம் பாருங்க, என்வாய் கேட்வேயும் பாருங்க.

இன்க்ரஸ்2கேட்வேன்னு குபெர்நெட்டீஸ் ப்ராஜெக்ட்லயே ஒரு டூல் இருக்கு, உங்க இன்க்ரஸ் யாம்லைக் கொடுத்தா கேட்வே யாம்லா மாத்திக் கொடுக்கும். ஆனா எல்லா அனோட்டேஷனையும் அதால மாத்த முடியாது, அதனால முதல்ல எந்த அனோட்டேஷன் எத்தனை இடத்துல இருக்குன்னு எண்ணிக்கோங்க. ரீரைட், டைம்அவுட் ரெண்டுக்கும் கேட்வேல நேரடியா வழி இருக்கு, பாடி சைஸ் ஒவ்வொரு கன்ட்ரோலர்லயும் ஒவ்வொரு விதம். ஸ்னிப்பெட் தான் கஷ்டம், அது அப்படியே என்ஜின்எக்ஸ் கான்ஃபிக், வேற எந்த கன்ட்ரோலருக்கும் புரியாது, அதை எழுதுனவரு இன்னும் டீம்ல இருந்தா எதுக்குப் போட்டாருன்னு இந்த வாரமே கேளுங்க. ஸ்டேஜிங்ல ரெண்டு கன்ட்ரோலரையும் பக்கத்துல பக்கத்துல ஓட விட்டு, அதிகம் டிராஃபிக் இல்லாத ஒரு சர்வீஸை முதல்ல டிஎன்எஸ் மூலமா புதுசுக்குத் திருப்புங்க. அந்த ஸ்னிப்பெட்டை இங்க போடுங்க, டொமைன் பேரை மறைச்சுட்டு, பாத்து சொல்றேன்.